பிரிட்டனின் நகரத்துப் பையன்கள் ஆஸ்திரேலியா, கனடா பண்ணைகளுக்குப் போனது எப்படி, நிலம் ஏன் கைக்கு வரவில்லை

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் பிரிட்டிஷ் அரசே பணம் கொடுத்து 15, 16 வயதுப் பையன்களை ஆஸ்திரேலியா, கனடா பண்ணைகளுக்கு அனுப்பியதாகப் படித்தேன். அது எப்படி நடந்தது? சொன்னபடி அவர்களுக்கு நிலம் கிடைத்ததா? அனாதைக் குழந்தைகளைக் கப்பலேற்றி அனுப்பிய விவகாரமும் இதுவும் ஒன்றா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளியாவிட்டால் மற்ற இரண்டும் குழம்பிவிடும்.

குழந்தைகளை அனுப்பியது வேறு, வேலைக்குப் போகும் வயதுப் பையன்களை அனுப்பியது வேறு. 1869 முதல் 1930-கள் வரை, பர்னாடோ இல்லங்கள் போன்ற தர்ம ஸ்தாபனங்கள் கனடாவுக்கு மட்டும் சுமார் 1,00,000 பிள்ளைகளை அனுப்பின. அனாதைகள் என்று பொதுவாகச் சொன்னாலும், பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் சம்மதம் கேட்டதில்லை. நீங்கள் படித்தது அடுத்த கட்டம். 14 வயதில் பள்ளியை விட்டு, ஏதோ ஒரு வேலை பார்த்து, 15 முதல் 19 வயதுக்குள் தானே விண்ணப்பம் போட்டு, பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போன பையன்களின் கதை அது. இரண்டிலும் அனுப்பிய நிறுவனங்கள் பல ஒன்றுதான். கப்பல் ஒன்று, போய்ச் சேர்ந்த பண்ணைகளும் ஒரே மாதிரி. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு நேர்ந்ததையும், பதினேழு வயதில் போஸ்டரைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனவனுக்கு நேர்ந்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 2009-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனும் மன்னிப்புக் கேட்டது முக்கியமாக முதல் வகைப் பிள்ளைகளை முன்வைத்து. இரண்டாம் வகைக்கு அப்படி ஒரு கணக்குத் தீர்ப்பு நடக்கவே இல்லை. இந்தப் பதிலில் பெரும்பகுதி அவர்களைப் பற்றியது.

ஏன் பையன்கள்? அன்றைய பிரிட்டனில் பள்ளி 14 வயதில் முடிந்துவிடும். வேலையில்லாதோர் காப்பீடு 16 வயதில்தான் ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் இரண்டு வருடம் மலிவான ஆளைத் தேடும் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம். கடைப் பையன், வண்டிப் பையன், தந்தி கொண்டுபோகும் பையன் என்று வாரச் சில்லறைக்கு ஆள் கிடைத்தது. 16 ஆனதும் காப்பீட்டுச் சந்தா கட்ட வேண்டும், 18 ஆனதும் பெரியவர் கூலி கேட்பான். அந்த நேரம் பார்த்து அவனை நிறுத்திவிட்டு அடுத்த 14 வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்வார்கள். கையில் தொழிலும் இல்லை, வேலையும் இல்லை. 1921-இலிருந்து பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கியதே அரிது. எனவே இந்தப் பையன்களை உள்நாட்டுச் சிக்கலாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சாம்ராஜ்யத்தின் காலி நிலத்துக்கு விதையாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

இந்த இரண்டு பார்வையும் சேர்ந்து பிறந்ததுதான் 1922-இன் சாம்ராஜ்யக் குடியேற்றச் சட்டம். பிரிட்டிஷ் அரசியல்வாதி லியோ எமெரி அதன் பின்னால் நின்ற முக்கியமான ஆள். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து அரசுகளோடோ, அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களோடோ லண்டன் அரசு ஒப்பந்தம் போடலாம். திட்டச் செலவில் பாதி வரை தரலாம். முதல் வருடம் 15 லட்சம் பவுன் (பிரிட்டிஷ் நாணயம்), பிறகு வருடத்துக்கு 30 லட்சம் பவுன், மொத்தம் 15 வருடம். அந்த உச்சவரம்பை ஒரு வருடம்கூட எட்டவில்லை. மறுபாதியைப் போட வேண்டியவர்கள் தயங்கியதுதான் காரணம். ஆனாலும் சட்டத்தின் ஆயுளில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் உதவிப் பயணத்தில் போனார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கனடாவுக்கு, அதற்குச் சற்றுக் குறைவாக ஆஸ்திரேலியாவுக்கு, பத்தில் ஒரு பங்கு நியூசிலாந்துக்கு. இதில் குடும்பங்களும் வீட்டுவேலைக்குப் போன பெண்களும் அடக்கம். பண்ணைக்குப் போன பையன்கள் ஒரு பகுதிதான். ஆனால் விளம்பரங்களில் முகம் காட்டியது அவர்கள்தான்.

திட்டங்கள் ஒன்றல்ல, பல. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழையது நியூ சவுத் வேல்ஸின் ட்ரெட்நாட் திட்டம். பெயர் விசித்திரமாகப் படும். ட்ரெட்நாட் என்பது போர்க்கப்பல் வகை. 1909-இல் ஜெர்மனியின் கடற்படை வளர்கிறது என்ற பீதியில், பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பல் வாங்கிக் கொடுக்கலாம் என்று சிட்னியில் சுமார் 90,000 பவுன் வசூலித்தார்கள். அதற்குள் ஆஸ்திரேலியா சொந்தக் கடற்படை அமைக்க முடிவெடுத்துவிட்டது. வசூலில் ஒரு பகுதி கடற்படைக் கல்லூரிக்குப் போனது. மீதியை வைத்து பிரிட்டிஷ் பையன்களை வரவழைத்துப் பண்ணை வேலை பழக்கலாம் என்று தீர்மானித்தார்கள். 1911-இல் ஆரம்பித்து, போர்க்காலத்திலும் பொருளாதார மந்தத்திலும் இடைவெளி விட்டு, 1939 வரை சுமார் 7,500 பேர் இந்த வழியில் வந்தார்கள். பலர் முதலில் இறங்கிய இடம் சிட்னிக்கு வடமேற்கே வின்ட்சர் ஊருக்கு அருகிலிருந்த ஸ்கெய்வில் அரசுப் பயிற்சிப் பண்ணை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாகாணப் பிரதமர் ஹென்றி பார்வெல் 6,000 பையன்களைக் கேட்டார். அந்த எண் சும்மா வந்ததல்ல. முதல் உலகப் போரில் அந்த மாகாணம் பறிகொடுத்த ஆண்கள் ஏறத்தாழ அத்தனை பேர். செத்தவனின் இடத்துக்கு ஒரு பையன் என்ற கணக்கு. கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. 1924-இல் ஆட்சி மாறியதும் திட்டம் நின்றுவிட்டது. நியூசிலாந்தில் நடந்தது இதைவிட மனதுக்கு இதமானது. போர்க்காலத்தில் தங்கள் கம்பளியைக் கொண்டுபோன பிரிட்டிஷ் மாலுமிகளுக்குப் பட்ட கடன் என்று சொல்லி, ஆட்டுப் பண்ணைக்காரர்கள் எட்வர்ட் நியூமனின் முயற்சியில் கம்பளி லாபத்திலிருந்து ஒரு நிதி திரட்டினார்கள். இறந்த, ஊனமுற்ற மாலுமிகளின் பிள்ளைகளுக்காக புல்ஸ் என்ற ஊருக்கு அருகே ஃப்ளாக் ஹவுஸ் பண்ணையை வாங்கினார்கள். 1924-லிருந்து 600-க்கு மேல் பையன்களும் 100-க்கு மேல் பெண்களும் இந்தத் திட்டத்தில் பயின்றார்கள். என் பார்வையில் எல்லாத் திட்டங்களிலும் இதுதான் சுமாராகவாவது நியாயமாக நடந்தது. காரணம் எளிது. பணம் கொடுத்தவர்களும் பண்ணை வைத்திருந்தவர்களும் ஒரே ஆட்கள், பையன் யாருடைய பிள்ளை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

1925-இல் மெல்பர்ன் வியாபாரி ரிச்சர்ட் லின்டன் தொடங்கிய 'பெரியண்ணன் (பிக் பிரதர்) இயக்கம்' இன்னொரு வகை. இன்றைக்கு அந்தப் பெயர் வேறு அர்த்தத்தில் காதில் விழும். அன்று அது உள்ளபடியே அண்ணன்தான். வரும் ஒவ்வொரு பையனுக்கும் உள்ளூரில் ஒரு கண்ணியமான ஆள் பாதுகாவலராக இருப்பார், கடிதம் போடுவார், கூலி சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பார். மகனைத் தனியாக அனுப்பத் தயங்கிய தாய்மாரின் பயத்தைப் போக்கத்தான் இந்த ஏற்பாடு. கனடாவுக்கோ மாகாண அரசுகள், தேவாலயங்கள், பர்னாடோ, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு என்று பல வாசல்கள்.

விண்ணப்பத்திலிருந்து பண்ணை வரை என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்ப்போம்.

போஸ்டரையோ, பள்ளிக்கு வந்த பேச்சாளரையோ, சாரணர் படைத் தலைவரையோ பார்த்துப் பையனுக்கு ஆசை வரும். படிவம் நிரப்ப வேண்டும். பெற்றோர் சம்மதம், நன்னடத்தைக்கு இரண்டு பேர் கடிதம், மருத்துவப் பரிசோதனை. அதன் பிறகு நேர்முகம். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் இருக்கும் ஆஸ்திரேலியா ஹவுஸ்தான் தலைமை இடம். அங்கே கேட்ட கேள்விகளில் முக்கியமானது உடல் வலு. பையன் தனிமையைத் தாங்குவானா என்பதைச் சோதிக்க வழி இல்லை, சோதிக்கவும் இல்லை. கப்பல் கட்டணத்தில் பெரும்பகுதியை இரண்டு அரசுகளும் பங்கிட்டுக்கொள்ளும். மிச்சத்தைப் பையன் கட்டுவான். இல்லையென்றால் கடனாக எழுதி, பின்னால் கூலியில் பிடிப்பார்கள். தேவையான பூட்ஸும் உடுப்பும் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும், இறங்கும்போது கையில் சில பவுன் இருக்க வேண்டும்.

சில திட்டங்கள் கப்பலேறும் முன்பே வேலையைப் பழக்கின. எஸ்ஸெக்ஸில் தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டி சால்வேஷன் ஆர்மி 1891-இல் அமைத்த ஹாட்லி பண்ணை அதில் பெரியது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி அருகே ஜார்ஜ் காசர் நடத்திய கிரெய்கிலின் பண்ணையில், கிளாஸ்கோ பையன்கள் சில வாரம் மாட்டையும் மண்ணையும் பார்த்துவிட்டு, கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த அவருடைய இன்னொரு பண்ணைக்கோ வேறு இடத்துக்கோ போவார்கள். அதில் ஒரு லாபம் உண்டு: இது நமக்கு ஒத்துவராது என்று தெரிந்தவன் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடலாம். 12,000 மைல் தாண்டிப் போய்த் தெரிந்துகொண்டால் திரும்ப வழியில்லை.

கனடாவுக்குக் கடல் பயணம் ஒரு வாரம், பத்து நாள். ஆஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழ ஆறு வாரம். சூயஸ் வழியாகப் போன கப்பல்கள் கொழும்பில் நிற்கும். பிரிட்டனை விட்ட பையன்களில் எத்தனையோ பேர் முதன்முதலாக வெப்பமண்டலக் கரையில் கால் வைத்தது அங்கேதான். அந்தத் துறைமுகத்தில் அவர்களுடைய கப்பலுக்கு நிலக்கரி ஏற்றிய கூலியாட்கள் அதே கப்பலில் ஏறி ஆஸ்திரேலியாவில் குடியேற நினைத்தால் முடியாது. 1901-இன் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைத் தடுத்தது. காலி நிலத்தை நிரப்ப ஆள் வேண்டும் என்று கோடிக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருந்த நாடு, எந்த நிறத்து ஆள் வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்திருந்தது. இந்தத் திட்டங்களை வெறும் வேலையில்லாத் திண்டாட்ட நிவாரணமாகப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

இறங்கியதும் பயிற்சி. ஸ்கெய்வில்லில் சுமார் மூன்று மாதம். பால் கறப்பது, குதிரைக்குச் சேணம் பூட்டுவது, ஏர் பிடிப்பது, வேலி போடுவது, கோடாரி வேலை.

சொல்லும்போது சின்ன வேலைகளாகத் தெரியும். ஒன்றிரண்டைக் கிட்டத்தில் பார்த்தால்தான் ஒரு நகரத்துப் பையனுக்கு அது என்ன என்று புரியும்.

குதிரையின் கழுத்துப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் அடைத்த தோல் வளையம். மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். குதிரையின் தலையோ கண்ணுக்கு நேரே அகலம். அதனால் பட்டையைத் தலைகீழாகப் பிடித்து, அகன்ற பக்கம் மேலே வர முகத்தில் நுழைத்து, தாடைக்குப் பின்னால் கழுத்து மெலிந்த இடத்தில் திருப்பி, பிறகு தோளுக்கு இறக்க வேண்டும். புதிதாக வந்தவன் நேராக நுழைப்பான். அது கண்ணில் இடிக்கும், குதிரை தலையைத் தூக்கும், அதன் பிறகு அவனைக் கிட்ட விடாது. பட்டை அளவு தவறினால் தோளில் புண். புண்பட்ட குதிரை ஒரு வாரம் ஏர் இழுக்காது. அந்த ஒரு வாரத்தைப் பண்ணைக்காரர் பையனின் கணக்கில் எழுதுவார், மனதிலாவது.

பால் கறப்பதும் அப்படித்தான். காலை நாலு, நாலரைக்கு ஆரம்பம், சாயங்காலம் மறுபடியும். கை பழகிய ஆள் மணிக்கு ஆறிலிருந்து எட்டு மாடு கறப்பான். நாற்பது மாடு உள்ள பண்ணைக்கு மூன்று பேர் கறந்தாலும் இரண்டு வேளைக்கும் ஆளுக்கு மூன்றரை, நாலு மணி நேரம் போய்விடும். கறக்கும் இயந்திரம் அப்போது பல பண்ணைகளுக்கு எட்டவில்லை. நியூ சவுத் வேல்ஸின் வடகரையிலும் விக்டோரியாவின் கிப்ஸ்லாந்திலும் பால் பண்ணைக்காரர்கள் பையன்களுக்காகக் காத்திருந்ததன் ரகசியம் இதுதான். முதல் இரண்டு வாரம் பையனின் முன்கை வீங்கும், விரல் இரவில் மடங்காது. காம்பை இழுக்கக் கூடாது, மேல் விரலிலிருந்து கீழ் விரல் வரை வரிசையாக அழுத்த வேண்டும். இழுத்தால் மாடு உதைக்கும், பாலையும் அடக்கிக்கொள்ளும். கடைசிச் சொட்டு வரை கறக்காமல் விட்டால் மடிவீக்கம் வரும், பால் வற்றும்.

கறந்த பிறகு பிரிப்பான். பாலிலிருந்து க்ரீமைப் பிரிக்கும் கைச்சக்கரம் அது. நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்; வேகம் குறைந்தால் க்ரீம், ஆடை எடுத்த பாலோடு சேர்ந்து பன்றிக்குப் போய்விடும். வேகம் வந்துவிட்டதா என்று சொல்ல கைப்பிடியிலேயே ஒரு மணி வைத்திருப்பார்கள். மெதுவாகச் சுற்றும்வரை அது அடித்துக்கொண்டே இருக்கும். சுற்றி முடித்ததும் உள்ளே இருக்கும் கூம்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெந்நீரில் கழுவ வேண்டும். ஒரு தட்டில் பால் ஒட்டியிருந்தாலும் மறுநாள் க்ரீம் புளிக்கும். வெண்ணெய்த் தொழிற்சாலை அதைத் தரம் தாழ்த்தும், விலை குறையும். பண்ணைக்காரருக்கு மாத வருமானமே அந்தக் க்ரீம்தான். அவர் பையனைத் திட்டும்போது அதில் கொடுமை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

கோதுமைப் பகுதிக்குப் போனவனுக்கு வேறு சோதனை. அன்றைய ஆஸ்திரேலியக் கோதுமை மூட்டை மூன்று புஷல், அதாவது 180 பவுண்டு, கிலோவில் 82. ஐம்பது கிலோ எடையுள்ள பதினாறு வயதுப் பையன் அந்த மூட்டையை நகர்த்த வேண்டும். கனடாவின் புல்வெளி மாகாணங்களில் எடையைவிடக் காலம்தான் எதிரி. வசந்தத்தில் ஆள் வேண்டும், அறுவடை முடியும்வரை வேண்டும். இலையுதிர் காலம் போனபின் மாட்டுக்குத் தீனி போடவும் விறகு வெட்டவும் ஒரு ஆள் போதும், அதற்குப் பண்ணைக்காரரின் மகனே இருப்பான். உறைபனி இறங்கும் வேளையில் சம்பளமில்லாமல் சோற்றுக்கு மட்டும் இருக்கிறாயா, இல்லை கிளம்புகிறாயா என்பதுதான் கேள்வி. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பையன்களை மார்ச், ஏப்ரலில் கப்பலேற்றச் சொன்னார்கள். ஆகஸ்டில் வந்தவன் வேலை கற்கும் முன்பே பருவம் முடிந்துவிடும்.

இப்போது நிலத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இது.

திட்டங்கள் விற்ற கனவு ஒன்றுதான்: இன்றைக்குப் பண்ணையாள், நாளைக்குப் பண்ணைக்காரன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் புதுப் பையனின் வாரக் கூலி, சாப்பாடும் படுக்கையும் போக, பொதுவாக 10 முதல் 20 ஷில்லிங். நடுவாக 15 என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் நகரத்தில் வளர்ந்த ஆணுக்கான அடிப்படைக் கூலி வாரத்துக்கு 4 பவுனைத் தொட்டது. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். பையனுக்கு வருடத்துக்கு வருவது 39 பவுன். இதில் பூட்ஸ், மழைச்சட்டை, உடுப்பு, கப்பல் கடன் தவணை, பல்வலி வந்தால் வைத்தியச் செலவு. பாதியை மிச்சம் பிடிப்பவன் மகா சிக்கனக்காரன். பதினாறில் வந்தவன் இருபத்தொன்றில் நூறு பவுன் வைத்திருப்பான். கறவை மாடு, குதிரை, கலப்பை, வேலி எல்லாம் சேர்ந்த ஒரு சின்னப் பண்ணைக்குப் பல நூறு பவுன் வேண்டும். கூலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று சேர்த்துப் போட்டாலும் இடைவெளி அடைபடவில்லை.

கனடாவில் இதை யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 21 வயதுக்குள் 500 டாலர் சேமித்துக் காட்டினால், பண்ணை வாங்க 2,500 டாலர் வரை அரசுக் கடன். நல்ல யோசனைதான். ஆனால் ஐந்து வருடத்தில் 500 என்றால் மாதம் 8 டாலருக்கு மேல் கையில் நிற்க வேண்டும், குளிர்காலத்தில் கூலியே இல்லாத மாதங்களையும் சேர்த்து. பத்து டாலர் பதிவுக் கட்டணத்தில் 160 ஏக்கர் இலவச நிலம் என்ற பழைய புகழும் பையன்களை இழுத்தது. 1920-களில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நல்ல மண் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியது தூரத்துக் காடும் வறண்ட மேடும்.

குறை பையன்களிடம் இல்லை. திட்டத்தின் செலவுப் பட்டியலைப் பாருங்கள்: விளம்பரத்துக்குப் பணம் உண்டு, கப்பலுக்கு உண்டு, பயிற்சிக்கும் கொஞ்சம் உண்டு. பண்ணையில் விட்டபின் அவனை யார் போய்ப் பார்ப்பது என்பதற்கு மட்டும் கஞ்சத்தனம். மேற்பார்வையாளர்கள் சிலரே, பையன்கள் நூற்றுக்கணக்கில், பண்ணைகளுக்கு நடுவே நாள்கணக்கில் தூரம். அபூர்வமாக ஒருவர் வந்தாலும், பண்ணைக்காரர் வீட்டு மேசையில் அவர் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, அவர் முன்னாலேயே பையனிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கூலியை அறுவடை முடிந்து தருகிறேன் என்று தள்ளிப் போடுவது, கிழங்குக் கிடங்கிலோ திறந்த தாழ்வாரத்திலோ படுக்க வைப்பது, குடும்பம் சாப்பிட்டபின் தனியாகத் தட்டு வைப்பது எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடந்தன. நல்ல பண்ணைக்காரர்கள் நிறைய இருந்தார்கள். மகனைப் போல வைத்துக்கொண்டு, கடைசியில் நிலத்தையே எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு பையனின் கதி அவனுக்குக் கிடைத்த ஒரே ஒரு மனிதரின் குணத்தைப் பொறுத்தது என்றால், அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

இதைக் கனடா ரத்தம் பார்த்துத்தான் கற்றது. 1923-இன் கடைசியில் ஆண்டாரியோவின் கோடரிச் அருகே, இங்கிலாந்திலிருந்து வந்து சில மாதமே ஆன 16 வயதுப் பையன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். விசாரணையில் பண்ணைக்காரர் அவனை அடித்தது நிரூபணமாகி அவர் சிறை போனார். அதே குளிர்காலத்தில் வேறு பையன்களின் சாவுகளும் செய்தியாயின. 1924-இல் தொழிற்கட்சி அரசியல்வாதி மார்கரெட் பாண்ட்ஃபீல்டு தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று கனடா போய்ப் பார்த்தது. குழு மொத்தத் திட்டத்தையும் கண்டிக்கவில்லை. ஆனால் பள்ளி வயதைத் தாண்டாத பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் அனுப்புவதை நிறுத்தச் சொன்னது. அவர்கள் போவது படிக்க அல்ல, வேலை செய்யத்தான் என்பதை வெளிப்படையாக எழுதியது. 1925-இல் கனடா 14 வயதுக்குட்பட்டவர்களைத் தனியாகச் சேர்ப்பதற்கு மூன்று வருடத் தடை போட்டு, 1928-இல் அதை நிரந்தரமாக்கியது. விளைவு என்னவென்றால், அனுப்பும் நிறுவனங்களின் கண் 14 முதல் 18 வரை திரும்பியது. அந்த வயதுக்கு மேற்பார்வை இன்னும் குறைவு.

ஆஸ்திரேலியா இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் 1912-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பின்ஜாராவில் தொடங்கிய பண்ணைப் பள்ளி சின்னப் பிள்ளைகளைத் தொடர்ந்து வரவேற்றது. 1930-களில் அதே மாதிரியில் விக்டோரியாவின் பாக்கஸ் மார்ஷிலும், நியூ சவுத் வேல்ஸின் மொலாங்கிலும் புதுப் பள்ளிகள் முளைத்தன. 14-இல் படிப்பு முடிந்தால் பண்ணைப் பழகுநர், 16-இல் வெளியே ஒரு பண்ணையில் வேலை. பையனுக்கு எட்டிய உலகம் அவ்வளவுதான். கணக்கு நன்றாக வரும் பிள்ளையும் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பது அவன் கப்பலேறும் முன்பே முடிவாகிவிட்டது.

பிறகு 1929-இன் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கம்பளியும் கோதுமையும் ஒன்றாக விழுந்தன. ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்கல்லின் அரசு 1930-இல் இன்னும் அதிகமாகக் கோதுமை விதையுங்கள், புஷலுக்கு 4 ஷில்லிங் என்று பண்ணைக்காரர்களைத் தூண்டியது. அவர்கள் விதைத்தார்கள், விலை அதில் பாதிக்கு இறங்கியது, வாக்கு நிறைவேறவில்லை. கையில் காசில்லாத பண்ணைக்காரர் முதலில் வெட்டுவது கூலியாளைத்தான். உதவிப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. ஏற்கெனவே வந்திருந்த பையன்கள் போர்வைச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்தவனுக்குத் திரும்பிப் போக அம்மா வீடாவது இருந்தது. கனடாவில் இன்னொரு அடி: வந்து ஐந்து வருடத்துக்குள் அரசு நிவாரணத்தை நம்ப வேண்டி வந்தால், "பொதுச் சுமை" என்று நாடுகடத்தலாம். 1930 முதல் 1935 வரை 28,000-க்கு மேற்பட்டோர் கனடாவிலிருந்து நாடுகடத்தப்பட்டார்கள். பிரிட்டனில் பிறந்தவர்களும் அதில் ஏராளம். வேலைக்கு ஆள் வேண்டும் என்று போஸ்டர் ஒட்டி அழைத்த நாடே, வேலை இல்லாமல் போனதை அவர்கள் குற்றமாக்கியது. அந்தப் பத்தாண்டில் பிரிட்டனை விட்டுப் போனவர்களைவிடத் திரும்பி வந்தவர்களே அதிகம்.

ஆகவே நிலம் கிடைத்ததா என்றால்: சிலருக்குக் கிடைத்தது, பெரும்பாலோருக்கு இல்லை. பலர் சில வருடத்தில் பண்ணையை விட்டு ரயில்வே, சுரங்கம், தொழிற்சாலை, கடை என்று நகர்ந்து அங்கேயே நல்லபடியாக வாழ்ந்தார்கள். அவர்களைத் திட்ட அதிகாரிகள் தோல்விக் கணக்கில் எழுதியது தவறு. பையன் மனிதனாக நிமிர்ந்தான்; பொய்த்தது, அவன் மண்ணோடு ஒட்டிக்கொள்வான் என்ற எதிர்பார்ப்புதான்.

உங்கள் நோக்கம் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுவது என்றால், பிரிட்டனிலிருந்து கிளம்பிய பயணிகள் பட்டியலில் ஆரம்பியுங்கள். 1890 முதல் 1960 வரையான பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிடி 27 என்ற வரிசையில் இருக்கின்றன. கப்பல் பெயரும் தேதியும் கிடைத்துவிட்டால், அதே பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள பெயர்களைப் பாருங்கள். ஒரே வயதுப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் அடுத்தடுத்து, ஒரே முகவரியோடு இருந்தால் அது ஒரு திட்டத்தின் குழு. அந்த முகவரி பெரும்பாலும் அனுப்பிய நிறுவனத்தினுடையது, பையனின் வீடு அல்ல. சிறு வயதில் கனடா போன பிள்ளைகளுக்கு அந்நாட்டு நூலக ஆவணக் காப்பகம் தனிப் பெயர்த்தொகுப்பே வைத்திருக்கிறது. பர்னாடோ வழியாகப் போனவர்களின் கோப்புகள் அந்த நிறுவனத்திடமே உண்டு, வாரிசுகள் கேட்டுப் பெறலாம். பட்டியலில் தொழில் என்ற கட்டத்தில் "பண்ணைத் தொழிலாளி" என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உதவிக் கட்டணம் அந்தத் தொழிலுக்குத்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதம் வரை அவன் கிளாஸ்கோவிலோ லண்டனிலோ ஒரு வண்டிப் பையனாக இருந்திருக்கலாம்.